முன்வரிசை ஆசான்



அமெரிக்கர்கள் தம் நாட்டுக்கே உரியதாக வளர்த்துக்கொண்ட கால்பந்தாட்டத்தில், முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை விதியாலேயே மறுக்கப்பட்ட ஐந்து மனிதர்களுக்கு வித்தை கற்பிப்பதை ஆயுட்காலப் பணியாக ஏற்றுக்கொள்ளும் ஒருவகை ஆசிரியரைப் பற்றி இன்று உங்கள் முன் பேச விரும்புகிறேன். 'லைன் கோச்' என்று அங்கே வழங்கப்படும் அவரை நான் முன்வரிசை ஆசான் என்று குறிப்பிடுவேன். அவருடைய உத்தியோக வழியை ஆராயப் புகுந்தபோது என் உள்ளத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. பதவியிலிருந்து பதவிக்கு ஏறி, முதலில் கற்ற கைத்தொழிலைக் கீழே விட்டுச் செல்வதையே உயர்வு என்று உலகம் கொண்டாடுகிறது. அவ்வுயர்வை இத்தொழிலின் சிரேஷ்டர்களிற் சிலர் நாடவேயில்லை, வேறு சிலரோ அதனைப் பெற்று அனுபவித்த பின்னர்த் தம் பழைய இடத்துக்கே திரும்பி வந்து அங்கேயே தம் சிறந்த காரியங்களைச் செய்தார்கள். இது எப்படி நேர்கிறது என்பதைச் சொல்லுமுன் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும்.

பக்கத்துக்குப் பதினொருவர், நூறு கஜ நீளமுள்ள மைதானம், நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி, இல்லையேல் பந்து எதிரிக்குப் போய்விடும். பந்தைக் கையில் வைத்திருக்கும் அணியின் முன்னணியில் தோளோடு தோள் சேர்ந்தாற்போல் ஐவர் நிற்பர். நடுவில் நின்று கால்களினூடே பந்தைப் பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்டுகள் இருவர். இரு ஓரங்களிலும் டேக்கிள்கள் இருவர். பந்தைப் பெற்று எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரிகள் வந்து வீழ்த்தாதபடி காப்பதும், பந்தைத் தாங்கி ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் இவ்வைவரின் கடமை. ஓடியவர் எத்தனை கஜம் ஓடினார், எறிந்தவர் எத்தனை முறை எறிந்தார் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. இவர்களுக்கோ, தவறினால் மட்டுமே ஊரறியப் பெயர் சொல்லப்படும். ஒருவர் எதிரியின் சட்டையைப் பற்றி இழுத்துவிட்டால் நடுவர் அவருடைய எண்ணைக் கூறிப் பத்துக் கஜம் தண்டம் விதிப்பார். நம் ஊர்த் திருவிழாவில் தேரின் சக்கரத்துக்கருகே குனிந்து, முட்டுக்கட்டை இட்டும் எடுத்தும் அதனை வீதி திருப்பும் மனிதர்களை எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறோம்? அந்த ஐவரின் நிலையும் அவர்களுக்குக் கற்பிப்பவரின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே.

இனி, அந்த வித்தையைச் சற்று அருகிலிருந்து பாருங்கள். முந்நூறு ராத்தலுக்கு மேற்பட்ட எடையுள்ள ஒரு கார்டு ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கிறார். பந்து அசைந்தவுடன் அவர் வைக்கும் முதல் அடி ஆறு அங்குலத்துக்கு மேற்படலாகாது. அடி நீண்டால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணத்தில் எதிரி மோதினால் எத்தனை பெரிய தேகமும் சாயும். இரண்டாம் அடி தரையில் பதிவதற்குள் இரு கைகளும் எதிரியின் மார்புக்கவசத்தின் உட்புறத்தைச் சென்று தைக்க வேண்டும். கட்டை விரல்கள் மேல்நோக்கி, முழங்கைகள் விலாவோடு ஒட்டி, இடுப்பு தாழ்ந்து இருத்தல் வேண்டும். இடுப்பு தாழ்வதற்காகத் தாழ்ந்த கூரையுள்ள இரும்புச் சட்டத்தின் கீழே அவர்களைப் பாயவிடுவார் ஆசான். நிமிர்ந்தால் தலை இடிக்கும். கால்கள் ஒன்றையொன்று நெருங்காமலிருக்கத் தரையில் நீண்ட பலகையைக் கிடத்தி, அதன் இருபுறமும் காலூன்றி எதிரியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்.

இவ்வளவும் தனியொருவன் பாடம். இதனினும் அருமையானது இருவர் பாடம். கார்டும் டேக்கிளும் சேர்ந்து எதிரி ஒருவனை இடுப்போடு இடுப்பு ஒட்டித் தள்ளுகிறார்கள். தள்ளும்போதே இருவர் கண்களும் அவனுக்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் எதிரியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவன் இடப்புறம் வந்தால் ஒருவர் கழன்று போய் அவனைத் தடுக்க வேண்டும், வலப்புறம் வந்தால் மற்றவர். யார் போவது என்று பேசிக்கொள்ள நேரமில்லை. எதிரிகளோ குறுக்கே மாறி மாறிப் பாய்ந்து குழப்பத்தைத் தம் தொழிலாகவே கொண்டவர்கள். ஒரு கண்ணிமைப்பில் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். இது உடல் வலியினால் வருவதன்று. ஒரே காட்சியை இருவரும் நூறு தடவை ஒன்றாகப் பார்த்து, நூறு தடவை ஒன்றாகத் தவறி, அத்தவறு ஒவ்வொன்றையும் படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டி ஓர் ஆசான் எடுத்துக்காட்டிய அப்பியாசத்தினால் வருவது. ஐவரில் நால்வர் சரியாகச் செய்து ஒருவர் அரை அடி பிசகினால் அம்முயற்சி முழுவதும் பாழ். ஆதலின் ஐந்து புத்திகளை ஒன்றாக்கும் பிரயத்தனத்தையே முன்வரிசை ஆசானின் தொழில் என்று நான் கருதுகிறேன்.

அத்தொழிலின் இலக்கணமும் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. முன்னெல்லாம் தடுப்பவர்கள் கைகளை மார்போடு மடக்கிக்கொண்டு தோளால் மட்டுமே தடுக்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. 1978-இல் தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் தேசிய லீக், பந்து எறியும் முயற்சிகளில் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று விதியைத் திருத்தியது. அன்று வரை தோளை நம்பிக் கற்பித்தவர்கள் எல்லாரும் கையையும் காலையும் நம்பிப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாயிற்று. பழைய பாடத்தை மறக்கச் செய்வது புதியதைப் புகட்டுவதைவிடக் கடினம் என்பதைக் கற்பிக்கும் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள்.

இத்தொழிலில் ஒருவர் நுழையும் வழி பெரும்பாலும் ஒரே மாதிரியானது. கல்லூரியில் தாமே அவ்வரிசையில் ஆடியிருப்பார். தொழில்முறை ஆட்டத்துக்குப் போதிய உடலோ அதிர்ஷ்டமோ வாய்த்திராது. படிப்பு முடிந்ததும் சொற்ப ஊதியத்துக்கு ஒரு கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்து, படம் வெட்டி ஒட்டுவதும் மூத்தவர்களின் ஏவல்களைச் செய்வதுமாகச் சில வருஷங்களைக் கழிப்பார். பின்னர்ச் சிறு கல்லூரி ஒன்றில் முன்வரிசையின் பொறுப்புக் கிடைக்கும். தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அவரோடு சேர்ந்து உதவியாளர்கள் அனைவரும் வீதிக்கு வரவேண்டியதே அங்குள்ள சம்பிரதாயம். எனவே மூட்டை முடிச்சுகளோடும் மனைவி மக்களோடும் மாகாணம் விட்டு மாகாணம் போய்க்கொண்டே இருக்க நேரும். இந்த அலைச்சலைத் தாங்கும் இல்லத்தரசிகளின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வழியில் நடந்தவர்களுள் நான் மிகவும் போற்றுபவர் டான்டே ஸ்கார்நேக்கியா. 1948-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். கலிபோர்னியா வெஸ்டர்ன் என்ற சிறிய கல்லூரியில் கார்டாக ஆடி, 1970-இல் அங்கேயே பயிற்சியாளராகத் தொடங்கினார். அதன் பின் அயோவா ஸ்டேட், டல்லஸிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட், பசிபிக், வடக்கு அரிசோனா, மீண்டும் சதர்ன் மெதடிஸ்ட் என்று மொத்தம் பன்னிரண்டு வருஷம் கல்லூரி கல்லூரியாகச் சுற்றினார். 1982-இல் ரான் மேயர் என்னும் தலைமைப் பயிற்சியாளர் தொழில்முறை அணியாகிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்குச் சென்றபோது இவரையும் உடனழைத்துச் சென்றார். ஆனால் முன்வரிசையைக் கொடுக்கவில்லை. பந்தை உதைக்கும் வேளைகளில் மட்டும் களமிறங்கும் தனிப்பிரிவுகளுக்கே இவர் பொறுப்பாளரானார். இந்தியானாபொலிஸ் நகரத்து அணியில் இரண்டு பருவம் கழித்துவிட்டு 1991-இல் திரும்பி வந்தார். அடுத்த வருஷம் தலைமைப் பயிற்சியாளர் நோயுற்ற காலத்தில் பருவத்தின் ஒரு பகுதிக்கு அவருடைய ஆசனத்தில் அமர்ந்து அணியை நடத்த வேண்டியிருந்தது; அப்பருவத்தில் அவ்வணி பதினாறு ஆட்டங்களில் இரண்டே வென்றது. பிறகு தற்காப்புப் பக்கத்தில் உதவியாளர், மறுபடியும் தனிப்பிரிவுகள் என்று எங்கே பணித்தார்களோ அங்கே பணிசெய்தார். முன்வரிசை அவர் கைக்கு நிலையாக வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது.

இந்த நீண்ட சுற்றுவழியை வீணென்று சொல்பவர் உண்டாயின் நான் அவரோடு உடன்படேன். தனிப்பிரிவுகளை நடத்தியவர் மைதானம் முழுவதையும் பார்க்கக் கற்கிறார். தற்காப்புப் பக்கத்தில் அமர்ந்தவர் எதிரி எதை எண்ணிப் பாய்கிறான் என்பதை அவனுடைய அறையிலிருந்தே அறிகிறார். அவ்வணியில் மேயர், பெர்ரி, மக்ஃபெர்சன், பார்சல்ஸ், கரோல், பெலிசிக் என்று ஆறு தலைமைப் பயிற்சியாளர்களின் கீழ் இவர் பணியாற்றினார். புதியவர் வந்ததும் பழையவர்களை எல்லாம் அனுப்பிவிடும் நாட்டில், ஒருவர்பின் ஒருவராக வந்தவர்கள் இவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றால் அதற்கு இவருடைய உழைப்பையன்றி வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

அவரிடம் வந்து சேர்ந்த சிஷ்யர்களைப் பாருங்கள். ஸ்டீபன் நீல் என்பவர் மல்லர். 1999-இல் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர். கல்லூரியில் ஒரு நாள்கூடக் கால்பந்து ஆடாதவர். 2001-இல் அவ்வணிக்கு வந்த அவருக்கு எங்கே நிற்பது, எவ்விதம் நிற்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் மற்போரில் தேர்ந்த அவருடைய இடுப்புக்கு, தன்னைவிடப் பெரிய உடலின் பாரம் எந்தக் கணத்தில் எந்தக் காலுக்கு மாறுகிறது என்பது தெரிந்திருந்தது. அந்த ஒரு ஞானத்தை முதலாக வைத்து மற்றவற்றை ஆசான் கட்டினார். 2005 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் வலப்பக்கக் கார்டாக முதலிலேயே களமிறங்கி ஆடிய நீல், 2010 வரை அவ்வணியிலேயே இருந்தார். டேவிட் ஆண்ட்ரூஸ் என்பவரை, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 2015-ஆம் வருஷத் தேர்வில் எந்த அணியும் விரும்பி எடுக்கவில்லை. உயரம் போதாது என்று ஒதுக்கப்பட்ட அவரே பின்னர் அவ்வணியின் சென்டராகவும் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

2013-ஆம் பருவம் முடிந்ததும் ஸ்கார்நேக்கியா ஓய்வு பெற்றார். இரண்டு பருவங்கள் சென்றன. 2016 ஜனவரியில் டென்வர் நகரத்தில் நடந்த அரையிறுதியாட்டத்தில் டாம் பிரேடி என்னும் அவ்வணியின் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் இருபது முறை தாக்கப்பட்டார்; அணி இரண்டே புள்ளிகளில் தோற்றது. மறுநாளே அப்போதிருந்த முன்வரிசை ஆசான் விலக்கப்பட்டார். உடனே அழைப்புப் போன இடம் ஸ்கார்நேக்கியாவின் இல்லம். அறுபத்தெட்டு வயதில் அவர் திரும்பி வந்தார். அந்த வருஷத்து ஐவரில் ஒருவர் மட்டுமே முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மற்றவர்கள் மூன்றாம், நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் வந்தவர்களும், தேர்வு பெறாத ஆண்ட்ரூஸும். அவர்களை வைத்துக்கொண்டே அணி அப்பருவத்தில் வாகை சூடியது. 2018-ஆம் பருவத்தில் இறுதிச் சுற்று ஆட்டங்கள் மூன்றிலுமாகச் சேர்த்து எதிரிகள் பிரேடியைப் பந்தோடு வீழ்த்தியது ஒரே ஒரு முறைதான். அவ்வணியின் சூப்பர் பௌல் வெற்றிகள் ஆறில் ஐந்து இவர் முன்வரிசையைக் காத்த காலத்தவை. 2019-ஆம் பருவத்துக்குப் பின் மறுமுறையும் விடைபெற்றார். தலைமைப் பதவியை அவர் நாடி அலைந்ததாக ஒருபோதும் செய்தி இல்லை.

தலைமைப் பதவியை நாடியவர்களும் உண்டு. அவர்களை நான் குறைகூற வரவில்லை. ஜோ பியூகல் 1981-இல் வாஷிங்டன் அணிக்கு வந்து, ரஸ் கிரிம், ஜெஃப் பாஸ்டிக், மார்க் மே, ஜார்ஜ் ஸ்டார்க், தேர்வில் எவரும் தீண்டாத ஜோ ஜேகபி ஆகியோரைக் கொண்டு ஒரு வரிசை அமைத்தார். பயிற்சி முகாமில் அவர் அன்போடு இட்ட 'ஹாக்ஸ்' (பன்றிகள்) என்னும் செல்லப்பெயர் நாடெங்கும் பரவி, பன்றி மூக்கு வடிவங்களை முகத்தில் அணிந்துகொண்டு ரசிகர்கள் மைதானத்துக்கு வரும் அளவுக்குச் சென்றது. முன்வரிசை மனிதர்களுக்குக் கொண்டாட்டம் கிட்டிய அபூர்வமான வேளை அது. 1983 ஜனவரி 30-ஆம் தேதி, பசடீனாவில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தில், மயாமி அணி நான்கு புள்ளிகள் முந்தியிருந்த நிலையில், நான்காம் முயற்சி. வேண்டியது ஒரே கஜம். எல்லாருக்கும் தெரிந்த திசையில், கிரிமும் ஜேகபியும் நிற்கும் இடப்பக்கத்திலேயே பந்தோடு ஓடினார் ஜான் ரிகின்ஸ். ஒரு கஜம் வேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்று கஜம் ஓடி அவர் எல்லையைக் கடந்தார். வாஷிங்டன் 27–17 என்று வென்றது. ஓடியவரின் படம்தான் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. எனினும் அந்த வாயிலைத் திறந்தது எவருடைய பாடம் என்பதை ஆட்டம் அறிந்தவர்கள் அறிவார்கள்.

அதே பியூகல் 1990-இல் அரிசோனாவில் தலைமை ஏற்று நான்கு பருவங்களில் இருபது வெற்றியும் நாற்பத்து நான்கு தோல்வியும் கண்டார். 1997-இல் ஓக்லண்டில் ஒரே பருவம், நான்கு வெற்றி. பின்னர் முன்வரிசைக்கே திரும்பி, 2004-இல் வாஷிங்டனிலேயே மீண்டும் அமர்ந்தார். பில் காலஹன் இன்னும் உயர ஏறியவர். தலைமை ஏற்ற முதற் பருவத்திலேயே ஓக்லண்டைச் சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றார், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கும் தலைமை வகித்தார். அவரும் 2008 முதல் முன்வரிசைக்கே திரும்பினார். 2024-இல் அவருடைய மகன் பிரையன் டென்னசி அணியின் தலைமைப் பயிற்சியாளரானபோது, தந்தை அதே அணிக்கு வந்து, மகனுக்குக் கீழ் முன்வரிசை ஆசானாகப் பணியேற்றார். இதில் இறக்கம் எதையும் என்னால் காண முடியவில்லை. தமக்குத் தெரிந்த வித்தையை வேண்டிய இடத்தில் கொடுக்கத் தயங்காத மனத்தையே காண்கிறேன்.

முழங்கால் கெட்டதால் ஆட்டத்தை இழந்த ஹோவர்ட் மட் என்பவரைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. 1960-களில் தலைசிறந்த கார்டுகளில் ஒருவராக எண்ணப்பட்ட அவர், 1998 முதல் 2009 வரை இந்தியானாபொலிஸில் பெய்டன் மானிங் என்னும் குவார்ட்டர்பேக்கைக் காத்த வரிசைக்கு ஆசானாக இருந்தார். அயலூர் மைதானத்தின் கூச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் காதில் விழாதபோது, தலையசைப்பினாலும் தொடுகையினாலும் ஐவரும் ஒரே கணத்தில் புறப்படும் மௌனக் கணக்கை வளர்த்தவர் என்று அவர் பெயரையே சொல்வார்கள். அங்கே அவருடைய கடைசிப் பருவத்தில் அவ்வணி முழுப் பருவத்துக்குமாகப் பந்தோடு வீழ்த்தப்பட்டது பதின்மூன்று முறைதான்.

ஆனால் இவ்வழியின் உயிர்நாடியைக் காண நாம் தொழில்முறை அணிகளை விட்டுப் பென்சில்வேனியாவுக்குச் செல்ல வேண்டும். ஜோ மூர் அங்கே பல வருஷம் உயர்நிலைப் பள்ளிகளில் கற்பித்தவர்; பின் 1977-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நான் முன்பு சொன்ன ரஸ் கிரிமும் மார்க் மேயும் அவரிடம் பயின்றவர்களே. கிரிம் அக்கல்லூரிக்கு வந்தது தற்காப்பு வீரராக. சென்டராக மாறி, மூரின் கையில் உருவாகி, வாஷிங்டனுக்குச் சென்று, பின்னாளில் கான்டனிலுள்ள புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். ரிகின்ஸுக்கு அன்று வழி திறந்தவர்களுள் மூரின் மாணாக்கர் இருந்தார் என்பதை மனத்தில் வையுங்கள். மூர் பிறகு நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1988-இல் அவ்வணி தேசியச் சாம்பியனாயிற்று. 1996-இன் முடிவில் 64 வயதில் அவர் நீக்கப்பட்டார். வயதைக் காரணமாக வைத்தே தம்மை நீக்கினார்கள் என்று வழக்குத் தொடுத்து, 1998-இல் ஜூரிகளின் தீர்ப்பைத் தமக்குச் சாதகமாகப் பெற்றார். அறுபதுக்கு மேல்தான் இத்தொழிலில் கண் முழுதும் திறக்கிறது என்று ஸ்கார்நேக்கியாவின் சரித்திரத்தைக் கண்ட பிறகு நான் நம்புகிறேன். ஆகவே அந்தத் தீர்ப்பை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு திருப்தி உண்டாகிறது.

மூர் பள்ளிக்கூடத்தில் கற்பித்த காலத்து மாணவர்களில் கர்க் ஃபெரன்ட்ஸ் ஒருவர். 1980-இல் அவர் பிட்ஸ்பர்க்கில் மூரின் கீழ் உதவியாளராக ஒரு வருஷம் இருந்து, மறு வருஷமே அயோவா பல்கலைக்கழகத்தில் முன்வரிசையின் பொறுப்பேற்று ஒன்பது பருவம் கற்பித்தார். கிளீவ்லாந்திலும் பால்டிமோரிலும் தொழில்முறை அணிகளின் முன்வரிசைகளை உருவாக்கினார். 1999 முதல் அயோவாவுக்கே தலைமைப் பயிற்சியாளரானார். பதவியில் ஏறியும் அவர் முன்வரிசையை மறக்கவில்லை. அவருடைய அணி எதனால் வெல்கிறது என்று கேட்டால் அமெரிக்காவில் சிறுவனும் அதைத்தான் சொல்வான். அவருடைய மகன் பிரையன் அங்கே முன்வரிசையில் ஆடி, நியூ இங்கிலாந்தில் சில வருஷம் உதவியாளராகப் பழகிவிட்டு, 2012-இல் அயோவாவின் முன்வரிசை ஆசானாக வந்தார்.

மூர் 2003-இல் காலமானார். 2015-இல் அவர் பெயரால் ஒரு விருது ஏற்படுத்தப்பட்டது. கல்லூரி ஆட்டத்தில் தனிமனிதர்களுக்கே விருதுகள் குவிந்து கிடக்க, இது மட்டும் ஒரு தனி வீரருக்கன்றி, நாட்டில் அவ்வருஷம் சிறந்த முன்வரிசைக்கு, வரிசை முழுவதற்குமாகச் சேர்த்து வழங்கப்படுகிறது. முதல் வருஷம் அதனைப் பெற்றது அலபாமா. இரண்டாம் வருஷமாகிய 2016-இல் அவ்விருது அயோவாவுக்குச் சென்றது. அவ்வரிசைக்கு அப்போது ஆசான் பிரையன் ஃபெரன்ட்ஸ். அணிக்குத் தலைவர், ஜோ மூரிடம் பள்ளிச் சிறுவனாகக் கால் வைக்கக் கற்ற அவருடைய தந்தை.